நாலு எஞ்சின், இரட்டை வால்

நேயர்களே, சில வருடங்களுக்கு முன்னர், மாசி மகத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வெளிவீதியில் நின்றுகொண்டிருந்தேன். பாடசாலை விட்டு அறைக்குத் திரும்பும் வழி அது. 108 அடி இராஜகோபுரத்துக்கு மேலே, எங்கோ முகிலுக்குள், ஒரு விமானத்தின் இரைச்சல் கேட்டது. விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் படியில் அமர்ந்து பூத்தொடுக்க வாழைநார் கிழித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தலையை நிமிர்த்தாமலே, "வை டுவெல்வ். சீனாக்காரன் பிளேனு. ரெண்டு எஞ்சின்" என்றார். யாருக்காகவும் அவர் அதைச் சொல்லவில்லை. அதே கணத்தில் என் வாயும் என்னையறியாமல் ஒரு சொல்லை முணுமுணுத்தது.

"சகடை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு எண்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். எனக்கு நாற்பது ஆகவில்லை. இரைச்சல் வடக்கே தேய்ந்து மறையும்வரை நாங்கள் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: "சேர் யாப்பாணமா?"

அன்று தொடங்கிய பழக்கம் இது. நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். எந்திரங்களைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அந்தப் பெரியவரும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நகரத்தில் நெடுங்காலம் வானொலிப் பெட்டி திருத்தியவர். ஆயினும் அவரிடம் நான்கு கொப்பிகள் இருந்தன. சிறுவயது முதல் இன்றுவரை தாம் கண்ட, கேட்ட விமானங்களையெல்லாம் அவற்றில் எழுதி வைத்திருந்தார். நாள், நேரம், எஞ்சின் எத்தனை, வால் எத்தனை, இறகு மேலேயா கீழேயா, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு. சில இடங்களில் பென்சிலால் கீறிய நிழலுருவங்களும் உண்டு.

முதற் கொப்பியின் முதற் பக்கத்திலே இருந்தது ஒரேயொரு வரி: நாலு எஞ்சின், இரட்டை வால்.

அது லிபரேற்றர். அமெரிக்காவின் கன்சொலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த பி-24 என்னும் குண்டுவீச்சு விமானத்துக்குப் பிரித்தானியர் வைத்த பெயர் அது. இறகின் நுனிக்கு நுனி 110 அடி. இறகு உடலின் மேற்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். வாலிலே நீள்வட்டமான இரண்டு துடுப்புகள் நிமிர்ந்து நிற்கும். இத்தகைய விமானங்கள் 18,000இற்கும் அதிகமாகச் செய்யப்பட்டன. அவற்றிற் சில, மாத்தளை மாவட்டத்திலே, சீகிரியாக் குன்றின் அயலிலே, 1943 ஓகஸ்ட் முதல் ஏறத்தாழ ஒரு வருடம் தங்கியிருந்தன.

சீகிரியா என்றதும் சுவரோவியமும் சிங்கப் பாதமும் காசியப்பனும் நினைவுக்கு வருவது இயல்பு. அண்மைக் காலத்தில் இன்னொரு கதையும் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் ஏறியிருக்கிறது. இராவணனுடைய புட்பக விமானம் வந்திறங்கியது இந்தப் பாறையின் தலையிலேதானாம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. பாறையின் மேல் நின்று இராவணனுடைய இறங்குதளத்தைத் தேடுகிறவர், கண்ணைச் சற்று அப்பால் ஓட்டினால், சில கிலோமீற்றர் தூரத்தில் மெய்யான ஓடுபாதை ஒன்று காட்டைக் கீறிக்கொண்டு கிடப்பதைக் காண்பார். அதைப் பற்றி வழிகாட்டி வாய் திறப்பதில்லை. புராணத்துக்கு உள்ள கிராக்கி வரலாற்றுக்கு இல்லைப் போலும்!

அந்த ஓடுபாதை ஏன் வந்தது? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் அந்தமான் தீவுகளும் போயின. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சிய பெரும் துறைமுகங்களில் கொழும்பும் திருகோணமலையும் அடங்கும். மலாயாவின் றப்பரை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கையின் றப்பரே பெருந்துணையாயிற்று. லொறிக்கும் விமானத்துக்கும் சில்லு வேண்டுமே! மரத்தின் ஆயுளைப் பாராமல் பால் வெட்டும்படி தோட்டங்களுக்குச் சொல்லப்பட்ட காலம் அது. மாத்தளையின் றப்பர்த் தோட்டங்களிலும் அந்த வெட்டு விழுந்தது. இந்தியாவிலிருந்து வந்த மக்களின் கைகளே அந்தப் பாலை எடுத்தன.

ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கொக்கலையிலிருந்து ரோந்து சென்ற கற்றலீனா நீர்விமானம் ஒன்று யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் கனடா நாட்டவரான லெனார்ட் பேர்ச்சல். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும்வரை யப்பானியரின் சிறையிலே கிடந்தார். மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலை, ஏறக்குறைய 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையின் முறை.

விமானத்தை இனங்காண்பது ஒரு பொழுதுபோக்கென்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த உயிர்த்த ஞாயிறு நடந்ததைத்தான். திருகோணமலையிலிருந்து கொழும்பு நோக்கி ஆறு ஸ்வோட்பிஷ் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. ஈரடுக்கு இறகுகளும் திறந்த இருக்கைகளும் கொண்ட, மெதுவாகப் பறக்கும் கடற்படை விமானங்கள் அவை. எதிரே சில போர்விமானங்கள் தெரிந்தன. வந்தவை தம்மவரின் ஹரிக்கேன்கள் என்றே அவற்றில் இருந்தவர்கள் எண்ணினார்கள் என்று அந்நாளைய வரலாற்றை எழுதியோர் சொல்கிறார்கள். வந்தவை யப்பானிய சீரோக்கள். ஆறில் ஒன்றும் தப்பவில்லை.

ஆறு விமானங்கள் போனது ஒரு நிழலுருவத்தைப் பிழையாக வாசித்ததனால். ஒற்றெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று வகுப்பிலே நான் தினமும் கத்துகிறேன். அங்கே அது உயிரையே மாற்றிவிட்டது. படைவீரர்க்கு நிழலுருவப் படங்களைக் காட்டி விமானங்களின் பெயர்களை மனனம் செய்விக்கும் வழக்கம் அந்தப் போர்க்காலம் முழுவதும் இருந்தது. போர் முடிந்த பின் அதே படங்களைப் பையன்கள் சேகரித்தார்கள். பழைய விமானத்தின் பெயரைச் சொல்லி மகிழும் இரசிகர் கூட்டம் உலகெங்கும் உருவானது அந்த வழியாகத்தான்.

தாக்குதலின் பின்னர் தீவெங்கும் அவசர அவசரமாக ஓடுபாதைகள் எழுந்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலே ஏற்கெனவே ஒன்று இருந்தது. யப்பானியர் அதை அறியாதிருந்தபடியால் அங்கிருந்த ஹரிக்கேன்கள் எழும்ப முடிந்தது. பின்னர் வவுனியாவில், மின்னேரியாவில், புத்தளத்தில், பலாலியில். எங்கள் மாத்தளை மாவட்டத்திலே தம்புள்ளையிலும் சீகிரியாவிலும். கடலிலிருந்து வருபவன் எளிதில் எட்டாத உள்நாடு. மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடம். இரத்மலானையில் உயிர்த்த ஞாயிறன்று போரிட்ட 30ஆம் அணியின் ஹரிக்கேன்கள் பின்பு தம்புள்ளைக்கு வந்தன. தம்புள்ளையில் அந்தப் பாதை எங்கே கிடந்தது என்று, பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறிச் சாரதி ஒருவரைக் கேட்டுப் பார்த்தேன். கிரிக்கெட் மைதானத்துக்கு வழி சொன்னார்.

பெரியவருடைய கதை இங்கேதான் தொடங்குகிறது. அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"எங்க அப்பா இங்க பக்கத்துத் தோட்டத்துல பால் வெட்டுனவரு சேர். தம்புள்ளைல வெள்ளைக்காரன் ரோட்டு போடுறான், கை நெறயச் சம்பளம்னு யாரோ சொன்னாங்க. ராவோட ராவா எங்களக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. மாத்தளையோட ரயில் முடிஞ்சிருதில்ல? அதுக்கு மேல லொறிதான். நாங்க ஒரு கல்லு லொறிக்கு மேல ஒக்காந்து போனோம். எனக்கு அப்ப ஒம்பது வயசு. ரோட்டுன்னு நெனச்சுத்தான் போனோம். போய்ப் பாத்தா ரெண்டு பக்கமும் போக வழியில்லாத ரோட்டு!"

இரு முனைகளும் காட்டிலே முடியும் அந்தத் தெருவைக் கண்டு தாயார் சிரித்தாராம். தந்தை மரம் தறித்தார். தாய் கூடையில் கல் சுமந்தார். பிறகு குடும்பம் சீகிரியா வேலைக்கு மாறியது. மலேரியாவில் ஒரு தங்கை இறந்தாள். இதை அவர் விமானங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அதே குரலிலே சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர் காதால் கற்றது அங்கேதான். கேட்டால் எளிதாக விளக்குவார். கற்றலீனா, டக்கோட்டா, லிபரேற்றர் மூன்றுக்கும் எஞ்சின் ஒரே குடும்பம். பிராட் அன்ட் விட்னி நிறுவனத்தின் 14 சிலிண்டர் கொண்ட எஞ்சின். ஆகையால் குரல் ஒன்றுதான். ஆனால் முதலிரண்டும் இரண்டிரண்டு பூட்டியவை, லிபரேற்றருக்கு நான்கு. "ரெண்டு பேரு பாடுறதுக்கும் நாலு பேரு பாடுறதுக்கும் வித்தியாசம் இல்லயா சேர்? அவ்வளவுதான்." ஹரிக்கேனும் ஸ்பிற்பயரும் மேர்லின் எஞ்சின் பூட்டியவை. அவற்றைக் காதால் பிரிப்பது கடினம், கண் வேண்டும். ஹரிக்கேனுக்கு முதுகு கூன், இறகு தடிப்பு. ஸ்பிற்பயரின் இறகு வெற்றிலை போல வளைந்து கூரும். வவுனியாவில் நின்ற போபைற்றருக்கு எஞ்சின் வேறு. அது தலைக்கு மேல் வரும்வரை சத்தம் கேட்காதாம்.

நேயர்களே, யாப்பிலக்கணம் படிப்பிக்கும்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை இதுவேதான். சீரை எண்ணுவதற்கு முன் ஓசையைக் கேளுங்கள் என்பேன். அகவலோசையும் செப்பலோசையும் காதில் ஏறிவிட்டால் எண்ண வேண்டியதில்லை. இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அகவல் தெரியாது. ஆனால் சிரித்தார்.

அவர் சொல்வதெல்லாம் சரியென்றும் கொள்ளலாகாது. சீகிரியாவிலே பி-29 என்னும் மாபெரும் விமானத்தைக் கண்டதாக இரண்டாம் கொப்பியில் எழுதியிருக்கிறார். பி-29கள் இலங்கைக்கு வந்தது உண்மை. 1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி இரவு, சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்குவதற்காக 54 விமானங்கள் புறப்பட்டன. ஆனால் அவை புறப்பட்டது திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து. அவற்றுக்காகவே அங்கே ஓடுபாதை நீட்டப்பட்டது. இதைச் சொன்னபோது பெரியவர் இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "மேல பறந்ததத்தான் பாத்தேன் போல. எறங்குனதா நானே சேத்துக்கிட்டேன்" என்றார். கொப்பியிலே அடித்துத் திருத்தியும் விட்டார். பெயர்பெற்ற ஆய்வாளர்கள் சிலரிடம் நான் காணாத பண்பு இது.

என் பங்குக்கு நான் அவருக்குச் சொன்ன ஒரு விடயம் அவரை மிகவும் மகிழ்வித்தது. பிரித்தானியக் கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பது வழக்கம். விமானத்தளமாயின் பறவையின் பெயர். அந்த வழக்கத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தபோது, நம் நாட்டுப் பறவைகளையே தேடிப் பிடித்தார்கள். கோயம்புத்தூரிலே கருடா. அதன் அயலே சூலூரிலே வைரி. சென்னைத் தாம்பரத்திலே வல்லூறு. நம் புத்தளத்திலே ராஜாலிய. கட்டுக்குறுந்தையிலே உக்குஸ்ஸா, சிங்களத்திலே அதுவும் வேட்டைப் பறவைதான். வைரி என்றால் வல்லூற்றினத்துப் பறவை என்று இன்று எத்தனை தமிழருக்குத் தெரியும்? பகைவன் என்றே பொருள் சொல்வோம். ராஜாலிய நம் இராஜாளியின் உடன்பிறப்பு. பின்னர் இந்தியக் கடற்படையும் 1992இல் அரக்கோணத்துத் தளத்துக்கு ராஜாளி என்றே பெயரிட்டது. அக்காலப் புத்தளத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மழையில் சேறு புதைந்து நின்ற கோர்செயர் விமானங்களை இழுத்தெடுக்க யானைகளைப் பிடித்தார்கள். இராஜாளியை யானை இழுத்தது! நம் புலவர்கள் எவரும் கற்பனை செய்யாத காட்சி.

ஒரு முறை பெரியவரும் நானும் சீகிரியாவுக்குப் போனோம். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் எங்களோடு வந்தார். ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தை லிபரேற்றர்களைக் கொண்டிருந்த 160ஆம் அணியிலே வானொலி இயக்குநராக இருந்தவராம். பழைய விமானங்கள் மீது பற்றுள்ள இத்தகையவர்கள் உலகெங்கிலுமிருந்து பழைய தளங்களைத் தேடி வருகிறார்கள். விடுதி உரிமையாளர் ஒருவர் மூலம் பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். தளம் இன்று விமானப்படையினுடையது. சிறிய பயணிகள் விமானங்களும் அங்கே இறங்குவதுண்டு. நாங்கள் உள்ளே போகவில்லை. தெருவோரம் ஒரு வேப்பமர நிழலில் நின்றோம்.

அந்த அணி சீகிரியாவிலிருந்து செய்த வேலை என்ன? பெரும்பாலும் குண்டு போடுவதல்ல, படம் பிடிப்பது. நிக்கோபார் தீவுகளுக்கும் சுமாத்திராவுக்கும் கடலைக் கடந்து சென்று, யப்பானியரின் நிலைகளைப் படம் எடுத்துத் திரும்புவது. பன்னிரண்டு, பதினாறு மணிநேரம் வானத்திலே. கீழே நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. திரும்பி வருகையில் சீகிரியாப் பாறை தொலைவில் தெரிந்ததும் எல்லோரும் பேசத் தொடங்குவார்களாம். தந்தை சொன்னதாக மகன் சொன்னார்.

அவர் ஒரு படத்தை எடுத்தார். உள்ளங்கை அளவு. ஒரு லிபரேற்றரின் முன்னால் எட்டுப்பேர், காற்சட்டையோடு, மேற்சட்டையில்லாமல். பின்புறத்தில் எட்டுப்பேருடைய பெயரும் ஊரும் மையினால் எழுதியிருந்தன. அவர்களில் யார் எப்போது இறந்தார் என்பதுவரை மகனுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர் படத்தைக் கண்ணருகே பிடித்து, விமானத்தின் மூக்கையும் வாலையும் பார்த்தார், தூரத்துக் குன்றின் சரிவைப் பார்த்தார், பிறகு நாங்கள் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி, "அந்தா... அந்த மூலைல நின்னு எடுத்திருக்காங்க. வெயிலு சாஞ்ச நேரம்" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வந்தவர் அந்த மூலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் பெரியவர் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விமானத்தின் இறகுக்குக் கீழே, வெகு தூரத்தில், தலையில் கூடையோடு மூன்று பெண்கள் தெரிந்தார்கள். சீலையை உயர்த்திச் செருகிய மூன்று சிறிய உருவங்கள். படம் எடுத்தவர் அவர்களைக் கவனித்திருக்கவே மாட்டார்.

"இவங்க யாருன்னு பின்னால போட்டிருக்கா சேர்?"

"இல்லை ஐயா."

"எங்க அம்மா இல்ல. அம்மா கொஞ்சம் உசரம்." சிறிது நேரம் கழித்து, "கூட்டத்துல நம்ம ஆளுகளும் இருந்தாங்க, சிங்கள ஆளுகளும் இருந்தாங்க. எல்லாருக்கும் பேரு இருந்திச்சு" என்றார். அந்த விமானத்தின் தொடரிலக்கம் என்ன, எந்த ஆலையில் செய்யப்பட்டது என்று அறியப் பதிவேடு உண்டு. கூடை சுமந்தவர்களுக்கு அன்றைய சம்பளப் புத்தகத்தில் ஒரு கைநாட்டு இருந்திருக்கும். விமானங்களை விரும்பித் தேடுகிற எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தேடியிராவிட்டால் இந்தப் படமும் சீகிரியாவுக்குத் திரும்பியிராது. ஆயினும் இனங்காணும் கண் எதற்குப் பழகுகிறதோ அதையே காண்கிறது. எங்கள் மூவரிலும் அந்தப் பெண்களைக் கண்டது ஒருவர் மட்டுமே. அவர்களைக் காண அவருக்குப் படிப்பினை வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸிலே நான் அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். சீகிரியாவிலிருந்த அந்த லிபரேற்றர்கள் 1944 ஓகஸ்டில் எங்கே போயின என்று அவருடைய கொப்பியில் இல்லை. 'ஒரு நாள் எல்லாம் போயிருச்சு' என்று மாத்திரம் எழுதியிருந்தார். அவை காங்கேசன்துறைக்குப் போயின. அதாவது பலாலிக்கு. எங்கள் ஊருக்கு.

அம்மம்மா வசாவிளானில் பிறந்தவர். சிறுமியாக இருக்கையில் தோட்டத்து வெங்காயப் பாத்திக்கு மேலாக "நாலு காத்தாடிப் பிளேன்" தாழப் பறந்ததை அடிக்கடி சொல்லுவார். அது எந்த விமானம் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. கிழவி கதை என்று விட்டுவிட்டோம். மாத்தளைப் பெரியவரின் முதற் பக்கத்தைக் கண்ட அன்றே எனக்கு அது விளங்கிவிட்டது. ஒரே விமானங்கள். இங்கே அந்தப் பையன் அண்ணாந்து பார்த்தவை, சில வாரங்களின் பின் அங்கே அந்தச் சிறுமி அண்ணாந்து பார்த்தவை. போர் முடிந்தபின் அதே பலாலி வழியாக, 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறந்தது. சீதாதேவி என்ற பெயர் கொண்ட டக்கோட்டா. இராவணன் நாட்டிலிருந்து சீதை வானவழியே திரும்பினாள் என்று யாழ்ப்பாணத்தார் நையாண்டி செய்யாமல் விட்டிருப்பார்களா?

1990இல் பலாலியைச் சூழ்ந்த ஊர்களெல்லாம் இடம்பெயர்ந்தன. எனக்கு அப்போது பதினொரு வயது. நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் விமானங்களின் பெயர் பழகிய காலம் அது. எங்களிடம் கொப்பி இல்லை. நிழலுருவப் படமும் இல்லை. இத்தாலியின் சியாய் மார்ச்செட்டியை எங்கள் நாக்கு சியாமாசெட்டி ஆக்கியது. ஏதோ ஒரு செட்டியாரின் பெயர் போல அது ஊரெல்லாம் வழங்கியது. 1993 அளவில் புக்காரா வந்தது. 1996இல் கிபிர். அதற்குள் நான் வளர்ந்துவிட்டேன். சகடை என்பது எது என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. சிலர் அவ்ரோவை அப்படிச் சொன்னார்கள், சிலர் சீனத்து விமானத்தை. சகடம் என்றால் வண்டி. கோயில்களில் சுவாமியை எழுந்தருளப்பண்ணி இழுக்கும் சில்லு வைத்த சிறு தேருக்கும் யாழ்ப்பாணத்தில் சகடை என்றே பெயர். மெதுவாக, பாரத்தோடு, உருண்டு வருவது போல வருவதால் அந்தப் பெயர் பொருந்திற்று. வைத்தவர் யாரோ, நல்ல தமிழறிவு உள்ளவர்.

சியாமாசெட்டியானால் சுற்றிவிட்டுத்தான் குத்தும். பதுங்குகுழிக்கு ஓட நேரம் இருக்கும். சகடையானால் உயரத்திலிருந்து உருட்டிவிடுவது. எங்கே விழும் என்று எவருக்கும் தெரியாது. கிபிரானால் சத்தம் கேட்கும்போதே காரியம் முடிந்திருக்கும். ஆகவே முதலில் காது. பிறகு கால். 'ட' வடிவத்திலே வெட்டிய குழி. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூடை. ஆசிரியர் பாடத்தை நிறுத்திக் காதைச் சாய்ப்பார். நாங்கள் அவருக்கு முன் பெயரைச் சொல்லிவிடுவோம். பிழையாகச் சொன்ன பையனுக்கு அடி விழும். சிரிப்புக்கல்ல, கோபத்துக்குமல்ல, பயத்திலே விழுந்த அடி. இன்றைக்கும் விமானச் சத்தத்தில் என் கால் ஒரு கணம் தரையை அழுத்துகிறது. மாசி மகத்துக் கோபுரத்தின் கீழே நின்ற அன்றும் அழுத்தியது. பெரியவர் கவனித்தது அதைத்தானாம். என் வாய் முணுமுணுத்த சொல்லை அல்ல.

வகுப்பிலே சீவகசிந்தாமணியில் மயிற்பொறிப் பகுதி வரும்போது எனக்கு எப்போதும் சங்கடம். சச்சந்தன் தன் கருவுற்ற மனைவிக்காகச் செய்வித்த எந்திரமயில் அது. நாடு கவிழ்ந்த நாளில் விசயையை ஏற்றிக்கொண்டு பறக்கிறது. சுடுகாட்டிலே போய் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். அக்காலத்திலேயே விமானம் கண்ட தமிழன் என்று வழிகாட்டி நூல்கள் பெருமை பேசும். நான் அப்படிப் படிப்பிப்பதில்லை. அந்தப் பெண் எதிலிருந்து தப்பிப் பறந்தாள், எங்கே இறக்கப்பட்டாள் என்று மட்டும் கேட்பேன். பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள்.

லிபரேற்றர்கள் என்ன ஆயின? போர் முடிந்ததும் பிரித்தானியர் பலவற்றை இந்தியாவின் கான்பூரில் விட்டுச் சென்றார்கள், மீண்டும் பறக்காதபடி சிதைத்து. அவற்றைப் பொறுக்கியெடுத்து, பெங்களூரில் இருந்த ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தார் திருத்தி மறுபடி பறக்கச் செய்தார்கள். இந்திய விமானப்படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்தியது. இன்று உலகத்து நூதனசாலைகளில் நிற்கும் லிபரேற்றர்களில் பல அப்படித் தப்பியவை; டில்லிப் பாலத்தில் ஒன்று உண்டு, பிரித்தானிய நூதனசாலையில் இருப்பதும் இந்தியா கொடுத்ததே. நம் இரத்மலானை விமானப்படை நூதனசாலை 2009இல் திறக்கப்பட்டது. பெரியவரை அங்கே ஒரு முறை அழைத்துப்போனேன். டக்கோட்டாவின் இறகின் கீழ் நின்று எஞ்சினை அண்ணாந்து பார்த்தார். "இதே எஞ்சின்தான் சேர். ஆனா ரெண்டுதான் இருக்கு" என்றார்.

2019 ஒக்டோபரில் பலாலி மறுபடி பயணிகளுக்குத் திறந்த செய்தி வானொலியில் வந்த அன்று மாலை, பெரியவர் நான்காம் கொப்பியோடு என் அறைக்கு வந்தார். கதிரையில் அமர்ந்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு சொன்னார்:

"சேர், அன்னைக்கு ஒரு பேரு சொன்னீங்களே. எழுதாம விட்டுட்டேன். சொல்லுங்க."

"சகடை, ஐயா."

"எஞ்சின்?"

"இரண்டு."

"வாலு?"

"ஒன்று."

"சத்தம் எப்புடி?"

நான் வாயைக் குவித்து, பல்லுக்கிடையில் காற்றை விட்டு, முப்பது வருடத்துக்கு முன் கேட்ட அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினேன். கீழ்வீட்டுப் பிள்ளை வந்து எட்டிப் பார்த்தது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்.